10 வருட மோட்டார்ஹோம் வாங்கினோம்: கூரையில் ஒரு கறை, நள்ளிரவில் செத்துப்போகும் பேட்டரி, இன்னும் சில கேள்விகள்

புதுப்பயணி

எல்லோருக்கும் வணக்கம். போன மாதம் 10 வருடப் பழைய மோட்டார்ஹோம் (படுக்கை, அடுப்பு எல்லாம் உள்ள வீட்டு வண்டி) ஒன்று வாங்கினோம். மீட்டரில் 42,000 கிலோமீட்டர்தான். இன்ஜின் சத்தம் சுத்தமாக இருக்கிறது. உள்ளே மெத்தை, அலமாரி எல்லாம் புதுசு போலவே இருக்கின்றன. நானும் மனைவியும் பல வருடம் சேமித்து வாங்கியது, அதனால் ஒவ்வொரு சின்ன விஷயமும் மனதை உறுத்துகிறது.

முதல் பயணம் நாலு நாள். இரண்டாம் நாள் இரவு நல்ல மழை. காலையில் கண் விழித்தால் படுக்கைக்கு மேலே, கூரையும் சுவரும் சேரும் மூலையில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பழுப்புக் கறை. தொட்டால் ஈரம் இல்லை. இது பழைய கறையா, நேற்றைய மழையா என்று தெரியவில்லை.

அப்புறம் பேட்டரி. சாயங்காலம் நிறுத்தும்போது பேனலில் முழுதாகக் காட்டுகிறது. நள்ளிரவுக்குள் விளக்கு மங்கி, தண்ணீர் பம்ப் முனகி நின்றுவிடுகிறது. எரிந்தது இரண்டு எல்.இ.டி. விளக்கு மட்டும்தான்.

திரும்பும்போது மலை இறக்கத்தில் பிரேக்கிலிருந்து கருகல் வாசனை வந்தது. டயரில் பட்டன் ஆழமாக இருக்கிறது, அதில் கவலை இல்லை என்று நினைக்கிறேன். எதை முதலில் பார்க்க வேண்டும் என்று அனுபவம் உள்ளவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

டீசல்தாத்தா

வாழ்த்துகள் தம்பி. கறையிலிருந்து ஆரம்பிக்கிறேன். மற்றதெல்லாம் கழற்றி மாற்றக்கூடிய பொருள். ஈரம் மட்டும்தான் வண்டியையே தின்னும்.

முதலில் 10 வருடத்துக்கு 42,000 என்பதைக் கொஞ்சம் யோசியுங்கள். வருடத்துக்கு 4,200 கிலோமீட்டர். அதாவது இந்த வண்டி தன் வாழ்நாளில் பெரும்பகுதி வெயிலிலும் மழையிலும் சும்மா நின்றிருக்கிறது. மோட்டார்ஹோமுக்கு ஓட்டத்தைவிட நிற்பதுதான் கெடுதல். சீலன்ட் (இடுக்குகளை அடைக்கும் பசை) காய்கிறது, டயர் ரப்பர் இறுகுகிறது, பேட்டரி சல்பேட் பிடிக்கிறது, பிரேக் டிஸ்க் துருவேறுகிறது. எதுவும் மீட்டரில் தெரியாது.

கறை தெரிகிற இடத்துக்கு நேர் மேலேதான் ஓட்டை இருக்கும் என்று நினைக்காதீர்கள். சுவர் என்பது வெளியே ஒரு மெல்லிய தகடு, நடுவில் ஃபோம், உள்ளே பிளைவுட், இடையில் மரச் சட்டம். ஒரு திருகு வழியாக நுழைந்த தண்ணீர் அந்தச் சட்டத்தின் மேலேயே ஊர்ந்து போய், ஒரு மீட்டர் தள்ளி எங்கே வழி கிடைக்கிறதோ அங்கே எட்டிப் பார்க்கும்.

இப்போதே செய்யக்கூடியது: கறையைச் சுற்றி, ஒரு கை அகலம் தள்ளித் தள்ளி, கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள். நல்ல பலகை எதிர்த்து நிற்கும். ஊறிய பலகை அட்டைப் பெட்டி மாதிரி உள்ளே போகும். ஜன்னல் எல்லாம் மூடி ஒரு நாள் விட்டுவிட்டு, கதவைத் திறந்த முதல் நொடியில் மூக்கு என்ன சொல்கிறது என்று கவனியுங்கள். நனைந்த துணி வாசனை வந்தால் அது பழைய கதை இல்லை. இரண்டு ஊசி உள்ள ஈரமானி ஒன்று வாங்கிவிடுங்கள். அது காட்டும் எண்ணை அப்படியே எடுக்காமல், காய்ந்த சுவரில் எவ்வளவு, மூலையில் எவ்வளவு என்று ஒப்பிட்டுப் பாருங்கள்.

சந்தேகப் பட்டியலில் என் முதல் பெயர் கூரை ஓரத்தில் இருக்கும் சின்ன மார்க்கர் விளக்கு. அடுத்தது வெயில் திரை மாட்டும் தண்டவாளத்தின் திருகுகள். மூன்றாவது கூரை ஜன்னல்.

நெடுஞ்சாலை

இவ்வளவு அலசல் தேவையா? எங்கள் வண்டியிலும் இப்படித்தான் இருந்தது. கூரை விளிம்பு முழுக்க ஒரு டியூப் சிலிக்கான் இழுத்துவிட்டேன். ஒரு வருடமாகச் சொட்டு இல்லை.

டீசல்தாத்தா

நண்பரே, சொட்டு நின்றது உள்ளே ஈரம் நின்றதுக்கு அடையாளம் இல்லை. பழைய சீலன்ட் மேல் சிலிக்கான் பூசினால் வெளியே போகும் வழி அடைபடும், உள்ளே போகும் வழி எங்காவது ஒரு மயிரிழை திறந்தே இருக்கும். உள்ளே போன தண்ணீர் காயவும் முடியாது. தயவுசெய்து ஒரு தடவை ஈரமானி வைத்துப் பார்த்துவிடுங்கள்.

இன்னொன்று. சிலிக்கான் பட்ட இடத்தில் அதன் பிறகு வேறு எந்தச் சீலன்ட்டும் ஒட்டாது. கண்ணுக்குத் தெரியாத படலம் ஒன்று தங்கிவிடும். பிறகு முறையாக வேலை செய்ய வருகிறவர் அதைச் சுரண்டியே நொந்துபோவார்.

சரியான முறை கழற்றி மாட்டுவதுதான். விளக்கையோ தண்டவாளத்தையோ முழுதாகக் கழற்றி, பழைய பசையைப் பிளாஸ்டிக் சுரண்டியால் எடுத்து, துடைத்து, காயவிட்டு, புது பியூட்டில் நாடா (ஒட்டும் ரப்பர் நாடா) வைத்துத் திருக வேண்டும். பியூட்டில் இறுகிப்போகாது, ஓட்டத்தில் வண்டி முறுக்கும்போது அதுவும் கூடவே நெகிழும். திருகை ஒரே மூச்சில் இறுக்காதீர்கள். கொஞ்சம் இறுக்கி, ஒரு நாள் விட்டு, பிதுங்கியதை வெட்டிவிட்டு மறுபடி இறுக்குங்கள்.

அக்ரிலிக் ஜன்னல், ஏ.பி.எஸ். பிளாஸ்டிக் பாகங்கள் பக்கம் பாலியூரித்தேன் பசை வேண்டாம், நாளடைவில் வெடிப்பு விழும். அதே ஜன்னலைக் கண்ணாடி துடைக்கும் ஆல்கஹால் திரவத்தால் துடைப்பதும் வேண்டாம். சிலந்தி வலை மாதிரி கீறல் ஓடிவிடும், அதற்கு மருந்தே கிடையாது. நிறையத் தண்ணீர், மென்மையான சோப்பு, மெல்லிய துணி போதும்.

மின்கம்பி

பேட்டரி விஷயத்துக்கு வருகிறேன். பேனலில் உள்ள நாலு கோட்டை நம்பாதீர்கள். மல்டிமீட்டர் ஒன்று எடுங்கள். சார்ஜர், சோலார், இன்ஜின் எதுவும் ஓடாமல் சில மணி நேரம் ஓய்வில் விட்டு அளந்தால், லெட் ஆசிட் பேட்டரி 12.7 வோல்ட் காட்டினால் நிறைவு, 12.2 பக்கம் பாதி, 12.0க்குக் கீழே போனால் கிட்டத்தட்டக் காலி. இன்ஜினை அணைத்தவுடன் அளந்தால் 13க்கு மேல் காட்டி ஏமாற்றும். சாயங்காலம் நீங்கள் பார்த்த "முழுசு" அப்படிப்பட்டதாக இருக்கலாம்.

100 ஆம்பியர் மணி என்று எழுதியிருந்தால் லெட் ஆசிட்டில் உபயோகிக்கக்கூடியது ஏறக்குறைய 50. அதற்குக் கீழே அடிக்கடி இறக்கினால் ஆயுள் வேகமாகக் குறையும். இரண்டு எல்.இ.டி. விளக்கு ஒரு ஆம்பியர் கூட எடுக்காது. அதனால் பேட்டரி செத்திருக்க வேண்டும், இல்லையென்றால் உங்களுக்குத் தெரியாமல் வேறு ஏதோ குடித்துக்கொண்டிருக்க வேண்டும். எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, கிளாம்ப் மீட்டரை (கம்பியைக் கவ்வி அளக்கும் மீட்டர்) பேட்டரி கம்பியில் மாட்டி எத்தனை ஆம்பியர் ஓடுகிறது என்று சொல்லுங்கள். நேர்மின்சாரம் (டி.சி.) அளக்கும் கிளாம்பா என்று பார்த்து வாங்குங்கள், எல்லாக் கிளாம்பும் அளக்காது. உங்கள் ஃபிரிட்ஜ் எந்த வகை?

புதுப்பயணி

கேஸ், 12 வோல்ட், வெளி மின்சாரம் மூன்றிலும் ஓடும் வகை. ஓட்டும்போது 12 வோல்ட்டில் வைத்திருந்தோம். நிறுத்திய பிறகு மாற்றவில்லை, தானாக அணையும் என்று வாங்கும்போது சொன்னார்கள். நாளை அளந்து எழுதுகிறேன்.

வழித்துணை

புதுப்பயணி, நல்வரவு தம்பி. நாங்கள் 14 வருடமாக வண்டியில் சுற்றுகிறோம். கேஸ் பற்றி யாரும் இன்னும் பேசவில்லை, அதனால் நான் சொல்கிறேன்.

உங்கள் வண்டியின் தரையில், அடுப்புக்குக் கீழேயும் சிலிண்டர் அறையிலும் சின்னச் சின்ன ஓட்டைகள் இருக்கும். கேஸ் காற்றைவிடக் கனமானது. கசிந்தால் கீழே தேங்கும், அந்த ஓட்டை வழியாகத்தான் வெளியே போக வேண்டும். முதல் வருடம் ஒரு குளிர் இரவில் காலடியில் காற்று அடிக்கிறது என்று என் கணவர் அதில் துணியைச் சுருட்டி அடைத்தார். காலையில் அடுப்பு பற்றவைக்கப் போனபோது தரைமட்டத்தில் மாட்டியிருந்த கேஸ் அலாரம் கத்தியது. ஹோஸ் முனையில் கசிவு. துணியை உருவி, சிலிண்டரை மூடி, கதவைத் திறந்துவைத்துவிட்டு வெளியே ஓடி நின்றோம். சுவிட்ச் எதையும் தொடவில்லை. அந்த அலாரம் இல்லாவிட்டால் இதை எழுத நான் இருந்திருப்பேனா தெரியாது. காற்றோட்ட ஓட்டையை எந்தக் காரணத்துக்காகவும் அடைக்காதீர்கள்.

கார்பன் மோனாக்சைடு அலாரம் தனி. அடுப்பும் ஹீட்டரும் சரியாக எரியாதபோது வரும் அந்த விஷ வாயுவுக்கு வாசனையே கிடையாது. இரண்டு அலாரமும் வேண்டும், ஒன்று இன்னொன்றின் வேலையைச் செய்யாது. அடுப்பை எரியவிட்டு வண்டியைச் சூடாக்கும் பழக்கமும் வேண்டாம்.

ரப்பர் ஹோஸிலும் ரெகுலேட்டரிலும் தேதி அச்சிட்டிருக்கும். 10 வருட வண்டியில் இரண்டையும் மாற்றும் காலம் வந்திருக்கும். மாற்றியதும் ஒவ்வொரு இணைப்பிலும் சோப்பு நுரை தடவிக் குமிழி வருகிறதா பாருங்கள். இந்த ஒரு வேலையை மட்டும் பயிற்சி உள்ளவர் கையில் கொடுத்தால் மனம் நிம்மதியாக இருக்கும்.

குளிர் பிரதேசத்துக்குப் போகும் திட்டம் இருந்தால் சிலிண்டரில் என்ன இருக்கிறது என்று கேளுங்கள். பியூட்டேன் பூஜ்யம் டிகிரியை ஒட்டியே ஆவியாவதை நிறுத்திவிடும், சிலிண்டர் கனமாக இருக்கும், அடுப்பு எரியாது. புரோபேன் மைனஸ் 42 வரை ஆவியாகும்.

நெடுஞ்சாலை

டீசல்தாத்தா, நீங்கள் சொன்னதால் ஈரமானி ஒன்றை இரவல் வாங்கிப் பார்த்தேன். காய்ந்த சுவரில் 11, பின் மூலையில் 27. வெளியே பார்த்தால் ஒன்றுமே தெரியவில்லை. அடுத்த வாரம் தண்டவாளத்தைக் கழற்றப் போகிறேன். நேரத்துக்குச் சொன்னதற்கு நன்றி ஐயா.

டீசல்தாத்தா

கழற்றும்போது படம் எடுத்துப் போடுங்கள். இப்போதாவது தெரிந்ததே நல்லது.

மலை இறக்கம் பற்றி. கருகல் வாசனை வந்ததென்றால் பிரேக் அளவுக்கு மீறிச் சூடேறியிருக்கிறது. மூன்றரை டன் வண்டியைக் காலால் மட்டும் பிடித்து இறக்க முடியாது. எந்த கியரில் ஏறுவீர்களோ அதே கியரில், இல்லாவிட்டால் அதற்கும் ஒன்று குறைவாக இறங்குங்கள். இறக்கம் தொடங்கும் முன்பே கியரைக் குறைக்க வேண்டும், வேகம் பிடித்த பிறகு இல்லை. பிரேக்கை லேசாகத் தொட்டுக்கொண்டே வராமல், அழுத்தமாக ஒரு தடவை பிடித்து வேகத்தைக் குறைத்து, முழுதாக விட்டுவிட வேண்டும். விட்டிருக்கும் நேரத்தில்தான் டிஸ்க் ஆறும். வாசனை வந்தால் நிறுத்தி ஆறவிடுங்கள், தண்ணீர் ஊற்றாதீர்கள். சமதளமாகப் பார்த்து நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போடாமல் சக்கரத்துக்குக் கட்டை வைப்பது நல்லது.

பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். உறிஞ்ச உறிஞ்ச அதன் கொதிநிலை இறங்கும். இரண்டு வருடத்துக்கு ஒரு தடவை மாற்ற வேண்டியது. 10 வருடத்தில் எத்தனை தடவை மாற்றினார்கள் என்று சர்வீஸ் புத்தகத்தில் பாருங்கள். டைமிங் பெல்ட்டும் அப்படித்தான், கிலோமீட்டர் ஆகாவிட்டாலும் வருடக் கணக்கு உண்டு.

டயரில் கவலை இல்லை என்றீர்கள். எனக்கு அதில்தான் கவலை. பக்கச் சுவரில் டி.ஓ.டி. (DOT) என்று தொடங்கும் வரிசையின் கடைசி நாலு எண்ணைப் படியுங்கள். 3216 என்று இருந்தால் 2016ஆம் ஆண்டின் 32ஆம் வாரம் தயாரானது. மோட்டார்ஹோம் டயர் தேய்ந்து சாவது அபூர்வம், வயதாகித்தான் சாகும். டார்ச் அடித்து, ரிம்முக்கும் பட்டனுக்கும் நடுவில் மயிர்போல வெடிப்பு ஓடுகிறதா பாருங்கள். உட்பக்கச் சுவரையும் மறக்காதீர்கள், அதற்குத் தரையில் படுத்துத்தான் பார்க்க வேண்டும்.

மின்கம்பி

காற்றழுத்தம் பற்றி ஒரு வார்த்தை சேர்த்துக்கொள்கிறேன். ஓட்டுவதற்கு முன், டயர் குளிர்ந்திருக்கும்போது அளக்க வேண்டும். எவ்வளவு என்பது அந்த அச்சில் எத்தனை கிலோ இருக்கிறது என்பதைப் பொறுத்தது. அதனால் பயணத்துக்குக் கிளம்பும் கோலத்திலேயே, ஆள், தண்ணீர், டீசல், சாமான் எல்லாம் ஏற்றி எடை மேடைக்குப் போங்கள். முன் அச்சு தனி, பின் அச்சு தனி, மொத்தம் தனி என்று மூன்று எடை.

பலர் மொத்தத்தை மட்டும் பார்க்கிறார்கள். பின்னால் சைக்கிள் மாட்டும் கொக்கியை எடுத்துக்கொள்ளுங்கள். அச்சுகளுக்கு இடையே 3.8 மீட்டர், கொக்கி பின் அச்சிலிருந்து 2 மீட்டர் பின்னால். அதில் 60 கிலோ மாட்டினால் பின் அச்சில் ஏறுவது 60 இல்லை, 90க்கும் மேல். மிச்ச 30 கிலோவை முன் அச்சிலிருந்து தூக்கிவிடுகிறது. முன் சக்கரம் இழுக்கும் வண்டியில் ஈர ரோட்டில் அதன் பலன் தெரியும். தண்ணீர் லிட்டருக்கு ஒரு கிலோ. 100 லிட்டரை நாள் முழுக்கச் சுமந்து போவதைவிட, வழிக்கு 20 லிட்டர் வைத்துக்கொண்டு சேரும் இடத்துக்குப் பக்கத்தில் நிரப்பலாம்.

புதுப்பயணி

மின்கம்பி அண்ணா, அளந்துவிட்டேன். எல்லாவற்றையும் அணைத்துவிட்டு இன்ஜின் நிற்கும்போது 14 ஆம்பியர்! ஃபிரிட்ஜ் திருகியை 12 வோல்ட்டிலிருந்து பூஜ்யத்துக்குத் திருப்பியதும் 0.2 ஆகிவிட்டது.

மின்கம்பி

கிடைத்துவிட்டது. நாலு மணி நேரத்துக்கு 56 ஆம்பியர் மணி, உங்கள் பேட்டரி 100 ஆம்பியர் மணி என்றால் பாதிக்கு மேல் அதிலேயே போச்சு. நள்ளிரவுக் கணக்கு சரியாக வருகிறது. இன்ஜின் நின்றதும் ஃபிரிட்ஜுக்கான 12 வோல்ட்டைத் துண்டிக்க ஒரு ரிலே இருக்க வேண்டும். அது ஒட்டிக்கொண்டிருக்கும், இல்லையென்றால் யாரோ அதைத் தாண்டி நேராகக் கம்பி போட்டிருக்கிறார்கள். சரிசெய்யும் வரை நிறுத்தியவுடன் கேஸுக்கு மாற்றுங்கள். பெட்ரோல் பங்க்கில் நுழையும் முன் சுடரை அணைப்பதையும் பழக்கமாக்கிக்கொள்ளுங்கள்.

இந்த வகை ஃபிரிட்ஜ் மட்டமாக நின்றால்தான் வேலை செய்யும், உள்ளே அம்மோனியா தன் எடையிலேயே வழிந்து சுற்றி வர வேண்டும். சரிவில் நிறுத்தி மணிக்கணக்கில் ஓட்டினால் பின்பக்கக் குழாய் கெட்டுவிடும். குமிழ் மட்டம் ஒன்றை ஃபிரிட்ஜ் உள்ளேயே வைத்துப் பார்த்து, சக்கரத்துக்குக் கீழே சரிவுக் கட்டை போடுங்கள்.

பேட்டரி இத்தனை தடவை அடிவரை இறங்கியதில் கொஞ்சம் சக்தி இழந்திருக்கும். லித்தியத்துக்கு மாற்றலாமா என்று அடுத்து கேட்பீர்கள். மாற்றலாம், ஆனால் பேட்டரியைப் பூஜ்யம் டிகிரிக்குக் கீழே சார்ஜ் செய்யக்கூடாது, சார்ஜரும் ஆல்டர்னேட்டர் இணைப்பும் அதற்கு ஏற்றதா என்று பார்க்க வேண்டும். முதலில் ரிலே.

வழித்துணை

கிளம்பும்போது நாங்கள் செய்வதைச் சொல்கிறேன். ஒருவர் உள்ளே, ஒருவர் வெளியே. உள்ளே இருப்பவர் கூரை ஜன்னல், அலமாரிப் பூட்டு, ஃபிரிட்ஜ் கொக்கி, கேஸ். வெளியே இருப்பவர் வெளி மின்சார வயர், படிக்கட்டு, சரிவுக் கட்டை, ஆன்டெனா. பிறகு இடம் மாறி ஒரே ஒரு சுற்று. இரண்டாவது சுற்றில் இருபது தடவைக்கு ஒரு தடவையாவது ஏதாவது கிடைக்கும். ஒருமுறை கூரை ஜன்னல் கிடைத்தது, நெடுஞ்சாலைக் காற்றில் அது பறந்திருக்கும்.

வண்டியின் உயரத்தை நீங்களே அளந்து, ஸ்டியரிங் முன்னால் பெரிய எழுத்தில் ஒட்டுங்கள். புத்தகத்தில் உள்ள எண்ணில் பிற்பாடு மாட்டிய ஏ.சி.யோ சோலாரோ சேர்ந்திருக்காது. திரும்பும்போது பின் பகுதி எதிர்ப்பக்கம் வெளியே வீசும், அதையும் காலி மைதானத்தில் ஒருவர் நின்று பார்க்க, ஒருவர் ஓட்டிப் பழகுங்கள்.

மின் வயர் சுருளை உபயோகிக்கும்போது முழுதாக அவிழ்த்துவிடுங்கள். சுருளோடு ஹீட்டர் ஓட்டினால் உள் வளையம் உருகும். புல் தரை என்றால் வெளியே போகும் திசையைப் பார்த்து நிறுத்துங்கள். சிக்கினால் ஆக்ஸிலரேட்டரை மிதிக்காமல், இரண்டாம் கியரில் மெதுவாக. சக்கரம் சுழன்றால் அதே நொடியில் நிறுத்துங்கள்.

உறைபனி விழும் இடத்தில் வண்டியை நிறுத்தி வைப்பதாக இருந்தால் டேங்க், ஹீட்டர் பாய்லர் இரண்டையும் வடித்து, குழாய்களைச் சூடு, குளிர் இரண்டுக்கும் நடுவில் திறந்தே விடுங்கள், ஷவர் தலையைக் கீழே தொங்கவிடுங்கள். குழாய் வளைவில் தங்கும் ஒரு மடக்குத் தண்ணீர் போதும், உறைந்து உடைக்க. டாய்லெட்டின் அடியில் நகரும் தட்டையும் திறந்து வைத்து, அதன் ரப்பரில் சிலிக்கான் ஸ்ப்ரே பூசுங்கள்.

புதுப்பயணி

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். டீசல்தாத்தா சொன்ன முதல் பெயரே சரி. மார்க்கர் விளக்கைக் கழற்றினேன். இரண்டு திருகில் ஒன்று தலை மட்டும் கையோடு வந்தது, தண்டு துருவாகி உள்ளேயே உதிர்ந்திருந்தது. ஓட்டைக்குள் விரல் விட்டால் மரம் கறுப்பாக, ஈரமான தேயிலைத் தூள் மாதிரி நகத்தில் ஒட்டிக்கொண்டு வந்தது. உள் பலகையை வெட்டிப் பார்த்ததில் 30 சென்டிமீட்டர்தான் கெட்டிருந்தது. இரண்டு வாரம் ஹீட்டரும் ஈரம் உறிஞ்சும் கருவியும் வைத்துக் காயவிட்டு, மரத் துண்டு மாற்றி, பியூட்டில் வைத்து மூடிவிட்டேன். நேற்றும் முந்தாநாளும் மழை, ஈரமானி மற்ற சுவருக்குச் சமமாகவே காட்டுகிறது.

ரிலே ஒட்டித்தான் இருந்தது, மாற்றியாகிவிட்டது. டயர் தேதி வண்டியின் வயதே, அதாவது முதலில் வந்த டயரே. உட்பக்கச் சுவரில் வெடிப்பு நகம் இறங்கும் ஆழத்துக்கு. நாலையும் மாற்றிவிட்டேன். பிரேக் ஆயிலும் புதுசு, வடித்தது தேன் நிறத்தைத் தாண்டிப் பழுப்பாக இருந்தது. வெள்ளிக்கிழமை காலை கிளம்புகிறோம். எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி.

டீசல்தாத்தா

நல்ல செய்தி தம்பி. சக்கரம் புதிதாக மாட்டியிருக்கிறீர்கள், 50 கிலோமீட்டர் ஓடியதும் நிறுத்தி, டார்க் ரெஞ்ச் (இறுக்கத்தின் அளவைக் காட்டும் ரெஞ்ச்) போட்டு எல்லா நட்டையும் ஒரு தடவை சரிபாருங்கள். ரெஞ்ச்சைப் படுக்கைக்கு அடியில் போட்டுவிடாதீர்கள், கதவுப் பக்கம் கைக்கு எட்டும் இடத்தில் வையுங்கள்.